நாள் என்னும் கைம்முதல்

'பொழுது போகவில்லை' என்று சொல்லுகிறோம்; 'பொழுது போதவில்லை' என்றும் சொல்லுகிறோம். இரண்டு வாசகங்களுக்கும் உள்ள வேற்றுமை ஓரெழுத்துத்தான். பொருளிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆயினும் இவ்விரண்டையும் ஒரே மனிதர் ஒரே வாரத்தில் சொல்லக் கேட்கலாம். திங்கட்கிழமை காலையில் எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்தை நோக்கி வரிசை பிடித்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டவர், பொழுது போதவில்லையே என்று கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறார். அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு, பொழுது போகவில்லையே என்று கைப்பேசியை விரலால் தள்ளிக்கொண்டேயிருக்கிறார். பணம் போதவில்லை என்று முறையிடுகிறவர் எவரேனும் பணம் போகவில்லையே என்று வருந்தியதுண்டா? பொழுது விஷயத்தில் மட்டுந்தான் இந்த விந்தை நடக்கிறது.

வடசென்னைவாசிகளுக்குக் காலத்தின் அருமை தெரியாது என்று யாரும் குறை கூற முடியாது. நாழிகைக் கணக்கில் நடந்துகொண்டிருந்த இந்தப் பக்கத்துக்கு நிமிஷக் கணக்கைக் கற்றுக்கொடுத்தது ராயபுரம் ரயில் நிலையம். 1856-ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதற் பயணி ரயில் அங்கிருந்துதான் வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது. ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம். 'அரை நாழிகைதானே தாமதம்' என்று சமாதானம் சொல்லி ரயிலை நிறுத்திவைக்க இயலுமா? ரயிலுக்குப் பின் ஆலைச் சங்கு வந்தது. சங்குக்குப் பின் ஷிப்டு வந்தது. இப்பொழுது விரலை வைத்து வருகையைப் பதியும் இயந்திரமும் வந்திருக்கிறது. நம்முடைய பொழுதைப் பிறர் அளப்பதில் ஒரு நொடியும் தவறுவதில்லை. அதை நாமே அளந்து பார்க்கும் வழக்கந்தான் நின்றுபோயிற்று.

இந்தக் குறையை ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்னே ரோமாபுரியில் ஒருவர் கண்டறிந்து எழுதினார். அவர் பெயர் செனேகா. கி.பி. 65-இல் நீரோ சக்கரவர்த்தியின் ஆணையால் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள நேர்ந்தவர். அவர் வாழ்ந்த காலத்திலேதான் தமிழகத்து மிளகு கடல் கடந்து ரோமாபுரிக்குப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு ஈடாக வந்த அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து நாணயங்கள் கொங்கு நாட்டு மண்ணிலிருந்து இன்றும் கிடைக்கின்றன. மிளகு போயிற்று, பொன் வந்தது. அந்த நாட்டுச் சிந்தனை நம்மிடம் வந்து சேர வெகுகாலம் ஆயிற்று.

செனேகா தம் நண்பர் லூக்கிலியஸ் என்பவருக்கு எழுதிய கடிதங்களில் முதற் கடிதமே காலத்தைப் பற்றியது. மற்றவையெல்லாம் அயலாருடையவை, காலம் ஒன்றே நம்முடையது என்பது அதன் சாரம். அதில் அவர் தம்மைப் பற்றியும் ஒளிக்காமல் பேசுகிறார். தாம் காலத்தை வீணாக்குவதேயில்லை என்று அவர் பெருமையடித்துக்கொள்ளவில்லை. எதை வீணாக்கினோம், ஏன் வீணாக்கினோம் என்று கணக்குச் சொல்லத் தமக்குத் தெரியும் என்கிறார். நல்ல வணிகனுக்கும் கெட்ட வணிகனுக்கும் உள்ள வித்தியாசமும் அதுதானே? நஷ்டம் இருவருக்கும் வரும். நாள்வழியில் அதை எழுதிவைக்கிறவன் நல்ல வணிகன்.

* * *

செனேகாவின் தத்துவத்துக்கு 'ஸ்டோயிக்' என்று பெயர். கேட்பதற்குக் கடினமான பெயராயினும் அதன் பிறப்பு எளியது. ஏதென்ஸ் நகரத்துச் சந்தை வெளியின் ஓரத்தில் சித்திரம் தீட்டிய தூண் மண்டபம் ஒன்று இருந்தது. கிரேக்க மொழியில் அத்தகைய மண்டபத்துக்கு 'ஸ்டோயா' என்று பெயர். ஏறத்தாழ கி.மு. 300-இல் ஸீனோ என்பவர் அந்த மண்டபத்தில் உலாவிக்கொண்டே போதித்தார். ஆகையால் இதை 'மண்டபத்துத் தத்துவம்' என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து நாலு நல்ல வார்த்தை பேசுவது நமக்குப் புதிதன்று.

இந்த ஸீனோ நம் பக்கத்து மனிதர்களுக்கு மிகவும் வேண்டியவர். ஏனெனில் அவர் கப்பல் வணிகர். சைப்ரஸ் தீவினர். ஊதாச் சாயச் சரக்கை ஏற்றிவந்த அவருடைய கப்பல் ஏதென்ஸின் துறைமுகத்துக்கு அருகே உடைந்து போயிற்று. கையில் ஒன்றுமில்லாமல் நகருக்குள் வந்தவர் ஒரு புத்தகக் கடையில் உட்கார்ந்தார். கடைக்காரர் சாக்ரடீஸைப் பற்றிய நூல் ஒன்றை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட மனிதர்கள் எங்கே அகப்படுவார்கள் என்று ஸீனோ கேட்டாராம். அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்த கிரேட்டிஸ் என்ற ஞானியைக் கடைக்காரர் சுட்டிக்காட்டினார். ஸீனோ எழுந்து அவர் பின்னே போனார். பண்டை வரலாற்றாசிரியர்கள் சொல்லும் கதை இது.

கடல் வணிகர் ஒருவர் ஞானியான கதையைத் திருவொற்றியூர்க்காரர்களுக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கடற்கரையில் பட்டினத்தாருடைய சமாதிக் கோயில் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தின் பெருஞ் செல்வர் அவர். வாணிகம் போய்த் திரும்பிய வளர்ப்பு மகன் வைத்துவிட்டுப் போன பேழையைத் திறந்தார். அதில் காதில்லாத ஓர் ஊசியும் ஓர் ஓலையும் இருந்தன. அந்தக் கணமே செல்வம் முழுவதையும் துறந்து வெளியேறினார் என்பது கதை.

இருவர் கதையும் ஒரே மாதிரித் தொடங்குகிறது. ஆனால் வழி பிரிகிறது. பட்டினத்தார் வீட்டை விட்டார். ஸீனோவோ சந்தை இரைச்சலுக்கு நடுவிலேயே மண்டபத்தில் நின்றுகொண்டார். பட்டினத்தாருடைய வழி மிக உயர்ந்தது. ஆனால் மாதச் சம்பளமும் பள்ளிக்கூடத்துச் சம்பளமும் பால் கணக்கும் உள்ள குடும்பஸ்தன் அதைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியவனாக இருக்கிறான். வீட்டுக்குத் திரும்பியவன் மறுநாளை எப்படிக் கழிப்பது என்பதற்கு மண்டபத்தார் வழி சொல்லுகிறார்கள்.

கப்பல் இழந்தவர்களில் மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவர் நம் காலத்துக்கு நெருங்கியவர். ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஏற்படுத்தினார். 1908-இல் ராஜத்துரோகக் குற்றம் சாட்டி அவருக்கு 40 ஆண்டுத் தண்டனை விதித்தார்கள். பிறகு மேல் முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. அவர் சிறையிலிருந்தபோதே, 1911-இல், கம்பெனி கலைக்கப்பட்டது. கோயமுத்தூர்ச் சிறையில் செக்கிழுத்த அந்தக் கைகளே ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில ஆசிரியரின் நூலை 'மனம்போல வாழ்வு' என்று தமிழாக்கின. ஆலன் மண்டபத்தாரைச் சேர்ந்தவர் அல்லர்; ஆனால் புற வாழ்வின் வேர் அகத்தில் இருக்கிறது என்ற அவருடைய கொள்கை அவர்களுக்கு அண்டை வீடு. கப்பல் போயிற்று, வக்கீல் தொழில் போயிற்று, உடல் நலமும் போயிற்று. சிறையதிகாரியால் எடுத்துக்கொள்ள முடியாமல் அவரிடம் எஞ்சியது அன்றைய நாள் ஒன்றுதான். பகலின் பெரும் பகுதியைச் செக்கு விழுங்கியது. மீந்த சிறு துண்டை அவர் தமிழுக்குக் கொடுத்தார்.

முதலெல்லாம் போன பின்னும் மிஞ்சுகிற இந்தத் துண்டுதான் மனிதனுடைய உண்மையான கைம்முதல். அதைக் கொண்டு மறுபடியும் வாணிகம் தொடங்கலாம் என்பதே மண்டபத்தாருடைய போதனை.

* * *

தொடங்குவது எப்படி? அதற்கு ஓர் அடிமையிடம் போக வேண்டும். எபிக்டீட்டஸ் ரோமாபுரியில் அடிமையாக வளர்ந்தவர், கால் ஊனமானவர், விடுதலை பெற்ற பின் ஆசிரியரானவர். டொமிஷியன் சக்கரவர்த்தி தத்துவ ஆசிரியர்களை நாடு கடத்தினபோது நிக்கோபோலிஸ் என்ற ஊருக்குப் போய் அங்கே பள்ளிக்கூடம் வைத்தார். அவர் ஒன்றும் எழுதிவைக்கவில்லை. அர்ரியன் என்ற மாணவர் எடுத்துக்கொண்ட குறிப்புகளால்தான் அவருடைய பேச்சு நமக்குக் கிடைத்திருக்கிறது. நல்ல மாணவன் ஒருவன் வாய்த்தால் ஆசிரியனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

எபிக்டீட்டஸின் பாடம் ஒரே ஒரு பிரிவினை. உலகத்தில் நம் வசத்தில் உள்ளவை சில. நம் வசத்தில் இல்லாதவை பல. நம்முடைய எண்ணம், முயற்சி, விருப்பு, வெறுப்பு ஆகியவை நம் வசம். உடல், உடைமை, பேர், பதவி ஆகியவை முழுவதும் நம் வசமல்ல. முன்னதில் கருத்தை வைத்தவனுக்கு நாள் நீளுகிறது. பின்னதில் கருத்தை வைத்தவனுக்கு ஆயுளே போதாது.

இதை அவர் ஒரு கடற்பயணத்தைக் கொண்டு விளக்கினார். பிரயாணி தன்னால் ஆனதைச் செய்கிறான்: நல்ல மாலுமியைத் தேர்கிறான், நல்ல நாளைத் தேர்கிறான், நேரத்தைத் தேர்கிறான். நடுக்கடலில் புயல் வருகிறது. அவன் செய்ய வேண்டியவற்றை முன்பே செய்து முடித்துவிட்டான். இனி அது மாலுமியின் வேலை. காசிமேட்டில் இதைப் புத்தகத்தைப் பிரித்துப் பாடம் நடத்தத் தேவையில்லை. டீசல் இருக்கிறதா, ஐஸ் ஏற்றியாயிற்றா, வானிலை எச்சரிக்கை என்ன, உயிர்காப்பு மிதவை படகில் உண்டா என்று பார்ப்பது மீனவர் கையில் இருக்கிறது. மீன் கூட்டம் எங்கே திரியும் என்பதும், விடியற்காலை ஏலத்தில் வஞ்சிரம் என்ன விலைக்குப் போகும் என்பதும் அவர் கையில் இல்லை. கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குள் போகக்கூடாது என்பது சட்டம். அந்த 61 நாளையும் ஒருவர் வலையைச் சரிசெய்யவும் எஞ்சினைப் பிரித்துப் பழுதுபார்க்கவும் படகுக்கு வர்ணம் பூசவும் கழிக்கிறார். மற்றொருவர் கடலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக் கழிக்கிறார். ஜூன் 15-ஆம் தேதி காலையில் இருவர் படகையும் பார்த்தால் எபிக்டீட்டஸின் பாடம் விளங்கும்.

நம்முடைய கணியன் பூங்குன்றனாரும் புறநானூற்றின் 192-ஆம் பாட்டில் மலையாற்றில் மிதந்து போகும் புணையை உயிருக்கு உவமையாக்கினார். இதைக் கேட்டவுடனே 'எல்லாம் விதி' என்று கையைக் கட்டிக்கொள்ளுகிறவர் உண்டு. புணை ஆற்றின் வழியே போவது உண்மைதான். ஆனால் கட்டுத் தளராத புணையாகக் கட்ட வேண்டிய வேலை யாருடையது? பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் நாம் இதைத்தான் சொல்லுகிறோம். வினாத்தாள் உன் வசமில்லை. நேற்று இரவு படித்த இரண்டு மணி நேரம் உன் வசம்.

எபிக்டீட்டஸின் விளக்கைப் பற்றி ஒரு கதை உண்டு. அவர் வீட்டுத் தெய்வத்தின் முன் ஓர் இரும்பு விளக்கு இருந்தது. ஒரு நாள் திருடன் அதைக் கொண்டுபோய்விட்டான். நாளைக்கு மண்விளக்கு ஒன்று வாங்கினால் போயிற்று என்று அவர் அந்த விஷயத்தை முடித்துவிட்டார். கதை இத்துடன் நிற்கவில்லை. அவர் காலமான பிறகு அந்த மண்விளக்கை ஒரு செல்வர் 3000 திராக்மா கொடுத்து வாங்கினாராம். இரவில் அதன் வெளிச்சத்தில் படித்தால் எபிக்டீட்டஸின் ஞானம் தமக்கும் வந்துவிடும் என்று நம்பினாராம். லூஷியன் என்ற ஆசிரியர் இதைச் சொல்லிக் கேலி செய்கிறார். ஒவ்வொரு ஜனவரி மாதமும் தோல் அட்டை போட்ட டயரி வாங்கி, 4-ஆம் தேதி வரையில் எழுதிப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துவிடும் அன்பர்கள் அந்தச் செல்வரை நினைத்துச் சிரிக்க வேண்டாம்.

* * *

இந்த அடிமையின் பேச்சுக் குறிப்பை ரஸ்டிகஸ் என்ற ஆசிரியர் தம்மிடமிருந்த பிரதியிலிருந்து ஒரு மாணவருக்குக் கொடுத்தார். அந்த மாணவர் பிற்காலத்தில், கி.பி. 161 முதல் 180 வரை, ரோமாபுரியை ஆண்ட மார்க்கஸ் அரேலியஸ் சக்கரவர்த்தி. டான்யூப் நதிக்கரைப் போர்ப் பாசறையிலும் அவர் தமக்குத் தாமே அறிவுரை எழுதிக்கொண்டார். நாட்டில் கொள்ளைநோய், எல்லையில் போர், பெற்ற குழந்தைகளிற் பலர் இளமையிலேயே இறந்துபோயினர். அந்தக் குறிப்புகளைப் பிறர் படிப்பார்கள் என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. அவற்றை 'ஆத்ம சிந்தனை' என்ற பெயரில் தமிழ் வாசகருக்குக் கொடுத்தவர் ராஜாஜி. 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறைக்குப் போய், அங்கே இருந்த மூன்று மாதமும் நாட்குறிப்பு எழுதி நாளை ஆண்டவர் அவர். சக்கரவர்த்தியின் நாட்குறிப்பைத் தமிழாக்க அவரைவிடத் தகுந்தவர் யார்?

சக்கரவர்த்திக்கும் காலையில் படுக்கையை விட்டு எழச் சோம்பலாகத்தான் இருந்தது. இதைப் படிக்கும்போது நமக்கு எவ்வளவு ஆறுதல்! எறும்பும் சிலந்தியும் தேனீயும் தத்தம் வேலைக்குப் போகும்போது மனிதன் மட்டும் போர்வைக்குள் கதகதப்பாகக் கிடப்பதற்கா பிறந்தான் என்று அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார். எழுந்தவுடனே இன்னொன்றும் செய்தார். அன்று சந்திக்கப்போகும் மனிதர்களை முன்கூட்டி எண்ணிக்கொண்டார்: நன்றி மறந்தவர், பொறாமைக்காரர், வீண் வம்பர். இவர்களெல்லாம் வருவார்கள், வந்தால் வியப்பதற்கில்லை, இவர்களும் உறவினரே, இவர்களோடு சேர்ந்துதான் வேலை செய்ய வேண்டும்.

இந்தக் காலைப் பயிற்சி நமக்கு மிகவும் ஏற்றது. வீட்டை விட்டுப் புறப்படும்முன் அரை நிமிஷம் நின்று எண்ணிக்கொள்ளலாம்: இன்று லாரி வரிசை நிற்கும், ரேஷன் கடையில் ஒருவர் இடையில் நுழைவார், காரியாலயத்தில் மேலதிகாரி நேற்றைக் கோபத்தை இன்று காட்டுவார். முன்னே எண்ணியவனுக்கு இவை வருத்தந்தரும். ஆனால் நாள் முழுவதையும் கொள்ளையடித்துக்கொண்டு போகா. காலை ஒன்பது மணிக்கு நேர்ந்த ஒரு சச்சரவை இரவு ஒன்பது மணிவரை மனத்தில் அசைபோட்டால், சச்சரவுக்காரர் எடுத்துக்கொண்டது இரண்டு நிமிஷம். மிச்சம் 12 மணி நேரத்தை நாமே அவருக்கு அள்ளிக் கொடுத்தவர்களாகிறோம்.

இரவுப் பயிற்சியைச் செனேகா சொல்லுகிறார். அவர் அதை செக்ஸ்டியஸ் என்ற முன்னோரிடம் கற்றார். வீட்டில் விளக்கை எடுத்துப் போன பின், தம் வழக்கம் தெரிந்த மனைவியும் பேச்சை நிறுத்திய பின், அன்றைய நாள் முழுவதையும் ஒரு முறை திரும்பிப் பார்ப்பார். இன்று எந்தக் கெட்ட பழக்கத்தைச் சிறிதேனும் குறைத்தோம்? எந்தக் குற்றத்துக்கு இடங்கொடாமல் நின்றோம்? எந்த வகையில் நேற்றைவிட நல்லவரானோம்? குற்றம் கண்டபோதிலும் தம்மைக் கடிந்துகொள்ளாமல், இம்முறை மன்னித்தோம், இனிச் செய்யாதே என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு உறங்கிவிடுவார். நம் வணிகர் கடை கட்டுமுன் நாள்வழியில் வரவு செலவு எழுதி இருப்பைச் சரிபார்க்கிறாரே, அதே காரியம். கடைக்குக் கணக்கு வேண்டும், வாழ்க்கைக்கு வேண்டாம் என்பது எந்த ஊர் நியாயம்?

* * *

இங்கே ஒரு நேயர் எழுந்து கேட்பார், கேட்க வேண்டியதுதான். "ஐயா, நம் வசத்தில் இல்லாததைப் பொருட்படுத்தாதே என்பது வசதியுள்ளவர்களுக்கு மிகவும் வசதியான வேதாந்தம் அல்லவா? எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் மிதந்தால் அது எங்கள் வசமா? நள்ளிரவில் அம்மோனியா வாயு வந்தால் அது எங்கள் வசமா? பொறுத்துக்கொண்டு வலையைப் பின்னு என்றா சொல்லுகிறீர்?"

கேள்வி நியாயமானது. 2017 ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூர்த் துறைமுகத்துக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரைக்கு வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்திற் பரவி, படகையும் வலையையும் அலையாத்தி மரங்களையும் கறுப்பாக்கியது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவில் உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார்கள். இவர்களிடம் போய் மனச்சாந்தியைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவனுக்குத் தத்துவமும் தெரியாது, தயையும் தெரியாது.

மண்டபத்தார் அப்படிச் சொல்லவும் இல்லை. ஹெல்விடியஸ் பிரிஸ்கஸ் என்பவர் அவர்களுடைய கொள்கையைச் சேர்ந்த ரோமாபுரிச் சபை உறுப்பினர். சபைக்கு வராதே என்று வெஸ்பேஷியன் சக்கரவர்த்தி சொல்லியனுப்பினார். என்னைச் சபையிலிருந்து நீக்குவது உம் வசம். உறுப்பினனாய் உள்ளவரை வருவது என் கடமை என்று பதில் போயிற்று. வந்தால் வாய் திறக்காதே என்றார் சக்கரவர்த்தி. கருத்துக் கேட்டால் நியாயமென்று தோன்றுவதைச் சொல்லியே தீர வேண்டும் என்றார் இவர். இறுதியில் அவரை நாடு கடத்திப் பிறகு கொன்றார்கள். இந்தக் கதையை வகுப்பில் எடுத்துச் சொன்னவர் வேறு யாருமல்லர். நம் வசம், பிறர் வசம் என்று பிரித்துக் காட்டிய அதே எபிக்டீட்டஸ்தான். பிரிவினை எதற்காக என்பது இப்பொழுது விளங்குகிறது. பலன் நம் வசமில்லை. ஆகையால் பலனுக்கு அஞ்சிக் கடமையை விடாதே என்பதற்காக.

திருவள்ளுவர் அதிகாரங்களை வைத்திருக்கும் முறையிலும் இதைக் காணலாம். 61-ஆவது மடியின்மை, 62-ஆவது ஆள்வினையுடைமை, அதன் பிறகே 63-ஆவது இடுக்கணழியாமை. சோம்பலை விட்டு, முயற்சியை மேற்கொண்டு, அந்த முயற்சியின் நடுவே துன்பம் வந்தால் அதற்குக் கலங்காதே என்கிறார். முயற்சியே செய்யாதவன் கலங்காமலிருந்தால் அதற்குத் தைரியம் என்று பெயரில்லை.

2017-இல் எர்ணாவூர்க் கடற்கரையில் வாளியும் கையுமாக எண்ணெய்ச் சேற்றை அள்ளினவர்கள் தத்துவம் படித்தவர்களோ அல்லவோ, தங்கள் வசத்தில் இருந்ததைச் செய்தார்கள். பெரியகுப்பத்து மக்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள்; தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு விசாரித்தது. தனி மனிதன் வசத்தில் இல்லாதது பல சமயங்களில் பத்துப் பேர் வசத்தில் இருக்கிறது. நம் பெரம்பூர்ப் பக்கத்து மில் தொழிலாளர்கள் இதை 1918-லேயே கண்டுகொண்டார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 27-ஆம் தேதி வாடியாவும் திரு. வி. க.வும் முன்னிற்கச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அப்போது தொழிலாளர் எடுத்துச் சொன்ன முதற் குறைகளுள் ஒன்று என்ன தெரியுமா? நடுப்பகல் உணவுக்குக் கொடுத்த அரை மணி நேரம் போதவில்லை என்பது. தங்கள் நாளில் ஒரு சில நிமிஷத்தைத் தங்களுடையதாக்கிக்கொள்ள வேண்டும் என்ற அவாவிலிருந்துதான் இந்தியாவின் தொழிற்சங்க இயக்கமே கால் பிடித்து நடக்கத் தொடங்கிற்று.

* * *

கடைசியாக, வீட்டுக்குள் ஒரு வார்த்தை. எபிக்டீட்டஸுக்கு ஆசிரியராயிருந்த முசோனியஸ் ரூபஸ் பெண்களும் தத்துவம் பயில வேண்டும் என்று அந்த நாளிலேயே வாதாடினார். மகனுக்குக் கொடுக்கும் கல்வியையே மகளுக்கும் கொடு என்றார். பயிலச் சொன்னால் மட்டும் போதுமா? பயில நேரம் வேண்டாமா? காலை ஐந்து மணிக்குக் குழாய்த் தண்ணீருக்கு எழுந்து, இரவு பத்து மணிக்குக் கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கும் தாயாருடைய நாளில் அவருடையது என்று சொல்ல எத்தனை நிமிஷம் இருக்கிறது? நாம் காலத்தை வீணாக்கக்கூடாது என்று தீர்மானம் செய்துகொண்டு, காப்பிக் கோப்பையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு 'ஆத்ம சிந்தனை' படிக்க உட்காருகிறோம். அந்தக் கோப்பையை எடுத்துக் கழுவும் நேரம் யாருடைய கணக்கிலிருந்து போகிறது? வேலைக்காரருக்குச் சொன்ன நேரத்தில் சம்பளம் கொடாமல் மூன்று முறை நடக்கவைப்பதும், பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லிப் பதினொன்றுக்குப் போவதும் இதே இனத்தைச் சேர்ந்தவை. தன் நாளைச் சேமிப்பதற்காகப் பிறர் நாளைச் செலவழிப்பது சிக்கனம் ஆகாது, அது களவு. பொருளைத் திருடினவன் என்றைக்காவது திருப்பிக் கொடுக்கலாம். நாளைத் திருடினவன் திருப்பிக் கொடுக்கவே முடியாது.

ஆகையால் இரவுக் கணக்கில் செனேகாவின் மூன்று கேள்விகளோடு நான்காவது ஒன்றையும் நாம் சேர்த்துக்கொள்வோம்: இன்று யாருடைய பொழுதை நாம் எடுத்துக்கொண்டோம்? இந்த வாரம் முழுவதும் ஏழு இரவுகள் மட்டும் இதைச் செய்து பாருங்கள். தோல் அட்டை டயரி வேண்டாம்; மண்விளக்கும் வேண்டாம். படுக்கையில் இரண்டு நிமிஷம் போதும். வீட்டில் ஒருவர் தொடங்கினால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் தாயாருக்கு அரை மணி நேரமாவது மிஞ்சும். அந்த அரை மணியை அவர் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் யாரும் அவருக்கு யோசனை சொல்ல வேண்டாம். அது அவருடையது.